ஐந்தாவது குருவி

கடன் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள்கள் உண்டு. வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியது ஒன்று. செய்தே ஆக வேண்டிய கடமை மற்றொன்று. இவ்விரு பொருள்களும் ஒன்றையொன்று தொடும் இடத்தில் அறவாழ்வின் பழைய கேள்வி ஒன்று எழுகின்றது. நமக்குப் பயன் தந்த ஓர் உயிர், இனிப் பயன் தர இயலாத நிலையை அடையும்போது, அதற்கு நாம் செலுத்த வேண்டிய கடன் ஏதேனும் எஞ்சி நிற்குமா? கொடுக்கல் வாங்கல் முடிந்தது, கணக்கு நேராயிற்று என்று கைகழுவி விடலாமா?

மனிதரைப் பற்றி இக்கேள்வி எழுந்தால் விடை கூற நாம் தயங்குவதில்லை. முதிர்ந்த தாய் தந்தையரைக் கைவிடுவது பாவம் என்பதை ஆண்டவரின் பத்துக் கட்டளைகளே நமக்குக் கற்பித்துள்ளன. உழைத்து ஓய்ந்த தொழிலாளிக்கு ஓய்வூதியம் வேண்டும் என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அதே கேள்வி, முட்டையிட்டு ஓய்ந்த ஒரு கோழியைப் பற்றியதாக இருந்தால்?

நகைப்புக்குரியது என்று பலர் ஒதுக்கிவிடக்கூடும் இக்கேள்வியைப் பிரித்தானிய நாட்டில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தம் செயலால் கேட்டு வருகின்றன. பெரும் பண்ணைகளில் முட்டை உற்பத்திக்காக வளர்க்கப்பட்டு, வெட்டுக்கு அனுப்பப்படும் நாளை எட்டிய கோழிகளை அவர்கள் பெற்று, தம் வீட்டுத் தோட்டத்தில் வாழ விடுகின்றனர். இப்பணிக்கென டெவன் பகுதியில் 2005-ஆம் ஆண்டு ஜேன் ஹோவர்த் என்னும் பெண்மணி நிறுவிய அறக்கட்டளை, இன்று பிரிட்டிஷ் கோழி நல அறக்கட்டளை என்னும் பெயரால் அறியப்படுகின்றது. அதன் வழியாக மட்டும் இதுவரை லட்சக்கணக்கான கோழிகள் புதிய வீடுகளை அடைந்துள்ளன. இச்செயலைப் புகழ்வதோ இகழ்வதோ எளிது. அதன் உள்ளே இருக்கும் அறத்தை எடைபோட்டுப் பார்ப்பதே நாம் இங்கு மேற்கொள்ளும் முயற்சி.

எலும்பைக் கரைத்துக் கொடுத்த உழைப்பு

முதலில் அந்தக் கோழி எத்தகையது என்பதை அறிந்துகொள்வோம். உலகின் வீட்டுக் கோழிகள் அனைத்துக்கும் மூதாதை, நம் ஆசியக் காடுகளில் வாழும் சிவப்புக் காட்டுக்கோழி. அது ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து முட்டைகள் இடும். அவற்றின் மேல் அமர்ந்து அடைகாக்கும். குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு திரியும். மனிதன் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து உருவாக்கிய இன்றைய பண்ணை இனமோ ஆண்டுக்கு முந்நூறு முட்டைகளுக்கு மேல் இடுகின்றது. அடையில் அமர்ந்த கோழி முட்டையிடுவதை நிறுத்திவிடும் என்பதால், அடைகாக்கும் இயல்பே அதன் குருதியிலிருந்து பெரும்பாலும் அகற்றப்பட்டுவிட்டது.

ஏறத்தாழ இருபதாவது வாரத்தில் அது முட்டையிடத் தொடங்குகின்றது. எழுபது, எண்பது வாரங்கள் கடந்ததும் முட்டைகளின் எண்ணிக்கை குறைகின்றது, ஓடு மெலிகின்றது. உண்ணும் தீவனத்தின் விலைக்கும் இடும் முட்டையின் விலைக்கும் உள்ள இடைவெளி சுருங்குகின்றது. அன்று அதன் கதை முடிகின்றது. சில பண்ணைகள் இக்காலத்தைச் சற்று நீட்டிக்கின்றன என்றாலும் முடிவு மாறுவதில்லை. ஆறு ஆண்டுகளோ எட்டு ஆண்டுகளோ வாழக்கூடிய ஒரு பறவைக்கு ஒன்றரை ஆண்டு வயதில் முதுமைப் பட்டம் கட்டப்படுகின்றது. அது முதுமையும் அன்று. கணக்குப் புத்தகம் விதித்த முதுமை.

ஒரு முட்டையின் ஓட்டுக்குச் சுமார் 2 கிராம் கால்சியம் வேண்டும். அதில் பெரும்பகுதி தீவனத்திலிருந்து கிடைத்தாலும், ஓடு உருவாகும் இரவு வேளையில் தேவைப்படும் எஞ்சிய பகுதியைக் கோழி தன் எலும்பிலிருந்தே எடுத்துக் கொடுக்கின்றது. நாள்தோறும் இது நிகழ்வதால் எலும்புகள் நலிகின்றன. பண்ணைக் கோழிகளின் மார்பெலும்பில் முறிவுகள் மிகுதியாகக் காணப்படுவதைக் கால்நடை மருத்துவர்கள் நன்கு அறிவர். ஆகவே அது நமக்குத் தன் எலும்பைக் கரைத்துக் கொடுத்தது என்று சொன்னால், அது வெறும் கவிதை மொழியன்று; உடற்கூறு கூறும் உண்மை.

அது வாழ்ந்த இடத்தையும் எண்ணிப் பார்ப்போம். ஐரோப்பிய நாடுகளில் பல்லாண்டுகள் வழக்கிலிருந்த அடுக்குக் கூண்டுகளில், 2003 முதல் ஒரு கோழிக்குக் குறைந்தது 550 சதுர சென்டிமீட்டர் இடம் தர வேண்டும் என்று சட்டம் கூறியது. அலுவலகங்களில் நாம் பயன்படுத்தும் ஏ-4 தாள் ஒன்றின் பரப்பே சுமார் 620 சதுர சென்டிமீட்டர். ஒரு தாளின் மேல் ஒரு வாழ்நாள்! அத்தகைய வெறுங்கூண்டுகள் 2012-ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் தடை செய்யப்பட்டன. அவற்றுக்கு மாற்றாக அனுமதிக்கப்பட்ட கூண்டுகளில் ஒரு கோழிக்கு 750 சதுர சென்டிமீட்டர் இடமும், அமர ஒரு கழியும், முட்டையிட ஒரு மறைவிடமும் உண்டு. பிரித்தானியாவில் இப்போது பெரும்பகுதி முட்டைகள் திறந்தவெளிப் பண்ணைகளிலிருந்தே வருகின்றன. ஆயினும் கூண்டுக் கோழியாயினும் திறந்தவெளிக் கோழியாயினும், முட்டை குறைந்த நாளில் இரண்டுக்கும் முடிவு ஒன்றே.

மண்ணைக் கற்கும் பறவை

குறித்த நாளில் அறக்கட்டளையின் தொண்டர்கள் பண்ணைக்குச் சென்று, பண்ணையாளரின் இசைவோடு கோழிகளைப் பெட்டிகளில் ஏற்றி வருகின்றனர். முன்பதிவு செய்திருந்த குடும்பங்கள் ஒரு சிறு நன்கொடை அளித்து அவற்றைப் பெற்றுச் செல்கின்றன. அவற்றுள் பலவற்றின் கொண்டை வெளிறித் துவண்டிருக்கும். கழுத்திலும் மார்பிலும் இறகுகள் உதிர்ந்திருக்கும். கூண்டிலேயே வளர்ந்த கோழிக்கு மண் என்பது புதிய பொருள். சில கோழிகள் புல்லின் மேல் முதலில் அசையாமல் நிற்கும். மழை எது, வெயில் எது, ஏறி உறங்கும் கழி எது என்று ஒவ்வொன்றாக அவை கற்றுக்கொள்ள வேண்டும். ஆனால் சில நாள்களில் ஒன்று நிகழ்கின்றது. எவரும் சொல்லித் தராமலே அவை குப்பையைக் கிளறத் தொடங்குகின்றன. உலர்ந்த மண்ணில் குழி பறித்துப் புரண்டு குளிக்கின்றன. தலைமுறை தலைமுறையாக மறுக்கப்பட்ட இயல்பு அழிந்துவிடவில்லை; உள்ளே காத்துக் கிடந்தது. படைத்தவர் எழுதியதை மனிதன் முற்றிலும் அழித்துவிட முடியாது என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டுமோ?

எனினும் இதை இனிமையான கதையாக மட்டும் சொல்லி முடித்தல் நேர்மையாகாது. மீட்கப்பட்ட கோழிகளில் பல நெடுநாள் வாழ்வதில்லை. ஓயாது முட்டையிடும்படி ஆக்கப்பட்ட அவற்றின் உடலே அவற்றுக்குப் பகையாகின்றது. முட்டைப் பையில் கட்டிகளும், முட்டை உடலுக்குள்ளேயே உடைந்து சீழ்பிடிக்கும் நோயும் அவற்றைப் பெரிதும் தாக்குகின்றன. முட்டையிடுவதையே நிறுத்திவைக்க மருந்து செலுத்தும் உரிமையாளரும் உண்டு. இரக்கம் ஒரு கதவைத் திறக்கலாம். உடலுக்குள் பூட்டப்பட்ட கூண்டை அதனால் திறக்க இயலாது.

பேணுதலுக்கும் ஒழுங்கு தேவைப்படுகின்றது. பறவைக் காய்ச்சல் பரவிய காலங்களில், வீட்டுக் கோழிகளையும் அடைத்து வைக்கும்படி அரசு ஆணையிட்டது. இங்கிலாந்திலும் வேல்சிலும் 2024 அக்டோபர் முதல் ஒரே ஒரு கோழி வளர்ப்பவரும் அதனைப் பதிவு செய்தாக வேண்டும். உணர்ச்சி வேகத்தில் கோழியைத் தூக்கி வந்துவிட்டு, நாள்தோறும் கூட்டைத் துப்புரவு செய்ய மறந்தால் அது இரக்கமாகாது. இறகு உதிர்ந்த கோழிக்குக் கம்பளிச் சட்டை பின்னி அணிவித்த அன்பர்களும் அந்நாட்டில் உண்டு. அன்புதான், ஆனால் கோழி தன் அலகால் இறகைக் கோதிக்கொள்ள அச்சட்டை தடையாகலாம். அன்பு செலுத்துவோர் தமக்கு இன்பம் தருவதைச் செய்வதற்கும், அன்பு பெறுவோருக்குத் தேவையானதைச் செய்வதற்கும் இடையே எவ்வளவு தொலைவு இருக்கின்றது!

இரண்டு காசும் ஐந்து குருவிகளும்

இனி இச்செயலுக்கு எதிராக எழும் கேள்விகளைப் பார்ப்போம். முதற்கேள்வி எண்ணிக்கை பற்றியது. பிரித்தானியாவில் முட்டையிடும் கோழிகள் சுமார் 4 கோடி. அறச்செயலால் மீள்பவை ஆண்டுக்குப் பல்லாயிரம். கடலில் ஒரு கையளவு நீரை அள்ளி என்ன பயன்?

மத்தேயு நற்செய்தியில் ஒரு காசுக்கு இரண்டு குருவிகள் விற்கப்படுவதாக ஆண்டவர் கூறுகின்றார். லூக்கா நற்செய்தியிலோ இரண்டு காசுக்கு ஐந்து. இவ்விரு கணக்கையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். நான்கு வாங்கினால் ஐந்தாவது கொசுறு. சந்தையில் அதற்கு விலையே இல்லை. அந்த விலையற்ற ஐந்தாவது குருவியையும் உள்ளடக்கியே, அவற்றுள் ஒன்றையும் கடவுள் மறப்பதில்லை என்று ஆண்டவர் மொழிந்தார்.

முட்டை ஓய்ந்த கோழி, பிரித்தானியச் சந்தையில் அந்த ஐந்தாவது குருவியாகவே இருக்கின்றது. எலும்பும் தோலுமான அதன் இறைச்சிக்கு அங்கே மதிப்பு மிகக் குறைவு. ஏற்றி அனுப்பும் செலவுக்கே வரும் தொகை ஈடாகாத நேரமும் உண்டு. கொசுறாகக் கருதப்பட்ட அந்த உயிரை ஒருவர் கையில் எடுத்து, இதற்கு ஓர் இடம் உண்டு என்கின்றார். கோடிகளின் எண்ணிக்கையை அது குறைக்கவில்லை என்பது மெய்யே. ஆனால் இறைவனின் நினைவு எண்ணிக்கையில் இயங்குவதன்று, ஒவ்வொன்றாக இயங்குவது. தொண்ணூற்றொன்பதை விட்டு ஒன்றைத் தேடிச் சென்ற ஆயரின் கணக்கும் எந்தக் கணக்கருக்கும் புரிவதில்லை.

இரக்கம் நீதிக்கு விலையாகுமா?

இரண்டாம் கேள்வி இதனினும் கூர்மையானது. சில கோழிகளை மீட்பதால் நம் மனச்சான்று ஆறுதலடைந்து, கோழிகளை அந்நிலைக்கு உள்ளாக்கும் முறை கேள்வியின்றித் தொடர வழி பிறக்காதா? தோட்டத்தில் மூன்று கோழிகளைப் பேணிக்கொண்டே, கடையில் கூண்டுக் கோழியின் முட்டை சேர்ந்த பண்டத்தை எண்ணாமல் வாங்குவோர் இருக்கமாட்டாரா?

இருப்பர். அதுமட்டுமன்று. இம்மீட்பு எட்ட முடியாத இடமும் ஒன்று உண்டு. முட்டையினத்துச் சேவற்குஞ்சு முட்டையும் இடாது. கறிக்கும் விரைந்து வளராது. ஆதலின் பொரிப்பகங்களில் அது பொரித்த நாளிலேயே கொல்லப்படுவதே உலகெங்கும் வழக்கமாக இருந்து வந்துள்ளது. ஜெர்மனி 2022-ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து இதனைத் தடை செய்தது. தோட்டத்தில் கிளறித் திரியும் ஒவ்வொரு மீட்கப்பட்ட பெட்டைக் கோழிக்குப் பின்னாலும், உலகை ஒரு நாள்கூடக் காணாத ஓர் உடன்பிறப்பு உண்டு என்பதை நாம் மறத்தல் ஆகாது.

ஆகவே இரக்கம் வேறு, நீதி வேறு. இரக்கம் வீழ்ந்தவனைத் தூக்குகின்றது. நீதி வீழ்த்தும் குழியை மூடுகின்றது. முன்னது பின்னதற்கு மாற்றாக வைக்கப்பட்டால் அது ஏமாற்று. ஆனால் வரலாறு வேறொன்றையும் காட்டுகின்றது. குழியை மூட முன்வந்தவர்கள் பெரும்பாலும், வீழ்ந்தவனை ஒருமுறை அருகிருந்து பார்த்தவர்களே. 1964-இல் ரூத் ஹாரிசன் என்னும் ஆங்கிலேயப் பெண்மணி, பண்ணை விலங்குகள் எந்திரங்களாக நடத்தப்படுவதை விளக்கி ஒரு நூல் எழுதினார். மக்கள் கொதித்தனர். அடுத்த ஆண்டே அரசு அமைத்த பிராம்பெல் குழு தன் அறிக்கையை அளித்தது. ஒரு விலங்கு எழுந்து நிற்கவும், படுக்கவும், திரும்பவும், தன்னைத் தூய்மை செய்துகொள்ளவும், உறுப்புகளை நீட்டவும் இடம் வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. எவ்வளவு சிறிய கோரிக்கை! அந்தச் சிறு கோரிக்கையின் ஒரு பகுதி ஐரோப்பா முழுவதும் சட்டமாகி நடைமுறைக்கு வர 2012 வரை, ஏறத்தாழ அரை நூற்றாண்டு சென்றது. அந்நீண்ட காத்திருப்பில் மக்களின் மனம் மரத்துப் போகாமல் காத்தது எது? காணாதவற்றைக் காட்டியவர்களின் உழைப்பே. இறகிழந்த கோழியைத் தன் வாசலில் கண்ட குழந்தைக்கு, முட்டை எங்கிருந்து வருகின்றது என்று எவரும் தனியே பாடம் நடத்த வேண்டியதில்லை.

இன்னொன்றும் குறிப்பிடத்தக்கது. அந்த அறக்கட்டளை பண்ணையாளரைப் பகைவராக நடத்துவதில்லை. அவரோடு ஒத்துழைத்தே தன் பணியைச் செய்கின்றது. இது சமரசம் என்று சிலர் குறை கூறலாம். ஆனால் மலிவான முட்டையைக் கேட்டது நாம். அதைக் கொடுத்தவர் மட்டும் குற்றவாளி, வாங்கியவர் மாசற்றவர் என்று தீர்ப்பளிப்பது எவ்வகை நீதி? பாவத்தில் பங்குண்டு என்று உணர்ந்தவரே பரிகாரத்திலும் பங்கு கொள்வர்.

மனிதர் பசித்திருக்கையில்

மூன்றாம் கேள்வியே நம் உள்ளத்தை மிகவும் உறுத்துவது. பசித்த மனிதர் நிறைந்த உலகில் கோழிக்கு இரங்குவது முறையோ?

கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் இதனை நேராகவே எதிர்கொள்கின்றது. அதன் 2416 முதல் 2418 வரையுள்ள பகுதிகள், விலங்குகள் கடவுளின் படைப்புகள் ஆதலால் நாம் அவற்றுக்குக் கனிவு காட்டக் கடமைப்பட்டுள்ளோம் என்கின்றன. உணவுக்காக அவற்றைப் பயன்படுத்துவது முறையே என்றும், தேவையின்றி அவற்றைத் துன்புறுத்துவதும் கொல்வதும் மனித மாண்புக்கே முரண் என்றும் கூறுகின்றன. அதே மூச்சில், மனிதத் துயர் துடைக்க முதலில் செல்ல வேண்டிய பணத்தை விலங்குகளுக்குச் செலவிடுவதும் தகாது என்று எச்சரிக்கின்றன. திருச்சபை வைத்துள்ள தராசில் இரு தட்டுகளும் உண்டு. ஒரு தட்டை மட்டும் எடுத்துக்கொண்டு மறுதட்டை மறைப்பது நமக்கு அழகன்று.

புனித தாமஸ் அக்குவினாஸ், விலங்குகளிடம் கொடுமை பழகியவன் மனிதரிடமும் கொடியவனாவான் என்று கருதினார். அதாவது விலங்குக்கு இரங்குவது முடிவில் மனிதனின் நன்மைக்கே என்பது அவர் கருத்து. இது உண்மை, ஆனால் முழு உண்மையன்று என்பதைத் திருச்சபை பின்னர் மேலும் தெளிவாக உணர்ந்தது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட ‘லவுதாத்தோ சீ’ சுற்றுமடல், பிற உயிர்களுக்கும் கடவுளின் பார்வையில் தமக்கென ஒரு மதிப்பு உண்டு என்று கற்பிக்கின்றது. அவருக்கு முன் திருத்தந்தையாயிருந்த பதினாறாம் பெனடிக்ட், கர்தினாலாக இருந்தபோது அளித்த நேர்காணல் ஒன்றில் கோழிகளையே பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். நெருக்கி அடைக்கப்பட்டு, பறவை என்பதன் கேலிச்சித்திரமாக அவை ஆக்கப்படுவது விவிலியம் காட்டும் உறவுக்கு ஒவ்வாதது என்று வருந்தினார்.

விவிலியமோ எனின், உழைக்கும் விலங்கின் உரிமையைத் தெளிவாகவே பேசுகின்றது. போரடிக்கும் மாட்டின் வாயைக் கட்டலாகாது என்கின்றது இணைச்சட்ட நூல். ஓய்வுநாளின் ஓய்வு மாட்டுக்கும் கழுதைக்கும் உரியது என்கின்றது விடுதலைப் பயண நூல். நற்செய்திப் பணியாளர் தம் பணியால் வாழ உரிமையுடையவர் என்று வாதிட வந்த புனித பவுல், அந்த மாட்டின் சட்டத்தையே எடுத்துக்கொண்டு, கடவுள் மாட்டைப் பற்றியா கவலைப்படுகிறார் என்று கொரிந்தியரைக் கேட்டார். அதைக் கொண்டு விலங்குக்கு உரிமையில்லை என்போரும் உண்டு. சற்று நின்று எண்ணுவோம். உழைக்கும் மாட்டுக்குத் தானியத்தில் பங்கு உண்டு என்பது முதலில் உண்மையாக இருந்தால்தானே, உழைக்கும் மனிதனுக்கு அதனினும் மிகுதியாக உண்டு என்னும் வாதம் நிற்கும்? அடித்தளத்தை இடித்துவிட்டு மாடியில் குடியிருக்க முடியாது.

ஏழையின் உரிமையும் கோழியின் துயரும் ஒன்றோடொன்று போட்டியிடுவன போலத் தோன்றினாலும் அவை ஒரே வேரிலிருந்து வருகின்றன. பயன் தரும்வரை மதிப்பு, பயன் தீர்ந்தால் குப்பை என்னும் நியதியை ஓர் உயிரிடம் பழகிக்கொண்ட கை, அதனை அங்கேயே நிறுத்திக்கொள்வதில்லை. முதுகு வளைந்த தறிக்காரர், பார்வை மங்கிய தையற்காரர், கருவுற்ற வேலைக்காரப் பெண் என அந்நியதி எங்கெல்லாம் நுழைந்திருக்கின்றது என்பதை நாம் அறிவோம். அதே வேளையில் கோழியை மனிதருக்கான உவமையாக மட்டும் சுருக்கிவிடவும் கூடாது. வலிக்கும் எலும்பு கோழியின் எலும்பு. அது உவமைக்காக வலிப்பதில்லை.

நம் வாசலில்

பிரித்தானியாவின் வழக்கத்தை அப்படியே நம் நாட்டில் நடுவது இயலாது, வேண்டியதும் இல்லை. இங்கே நிலைமை வேறு. முட்டை என்றாலே நம் நினைவுக்கு வரும் நாமக்கல் வட்டாரத்திலும் அதே வகைப் பண்ணை இனங்கள், அதே வகை அடுக்குக் கூண்டுகளிலேயே பெரிதும் வளர்க்கப்படுகின்றன. ஆனால் ஓய்ந்த கோழிக்கு இங்கே சந்தை உண்டு. நாளிதழ்களில் முட்டையின் கொள்முதல் விலையை அடுத்து, முட்டைக்கோழி கிலோ இவ்வளவு என்று ஒரு வரி வருவதைக் காண்கிறோம். அந்த ஒற்றை வரிதான் அப்பறவையின் ஓய்வூதியம். கறிக்கோழி வாங்க இயலாத எளியோர் பலருக்கு அதன் இறைச்சியே உணவாகின்றது. மேலும் 1989-ஆம் ஆண்டு சத்துணவுத் திட்டத்தில் சேர்க்கப்பட்ட முட்டை, பள்ளிப் பிள்ளைகள் பலருக்கு உடல் வளர்க்கும் பெரும் துணையாக இருந்து வருகின்றது. அப்பிள்ளையின் தட்டிலிருந்து முட்டையை எடுக்கச் சொல்லும் எந்த இரக்கமும் நற்செய்தியின் இரக்கம் ஆகாது.

அப்படியாயின் நம்மிடம் கேட்கப்படுவது என்ன? ஏழைச் சிறுவனின் முட்டையைக் காட்டி, வசதியுள்ள நாம் ஒளிந்துகொள்ளக் கூடாது என்பதே முதலாவது. மலிவு விலை அவனுக்குத் தேவை. நமக்கு அது பழக்கம். தரையில் நடமாடும் கோழியின் முட்டைக்குச் சற்றுக் கூடுதல் விலை தர இயன்றவர் தரட்டும். கூண்டின் அளவும் கோழிகளை ஏற்றிச் செல்லும் முறையும் திருந்த வேண்டும் என்று இந்தியச் சட்ட ஆணையம் 2017-இல் தன் 269-ஆவது அறிக்கையில் விரிவாகப் பேசியது. அத்தகைய திருத்தங்களை வரவேற்பதும், அவற்றால் சிறு பண்ணையாளர் நொடிந்து போகாமல் காக்க வேண்டும் என்று கேட்பதும் ஒருங்கே நம் கடமையாகும்.

உண்பதற்கென்றே கொல்லப்படும் உயிருக்கும் அதன் இறுதிப் பயணத்தில் ஒரு கடன் எஞ்சுகின்றது. கால்கள் கட்டப்பட்டு, தலைகீழாக இருசக்கர வண்டியின் இருபுறமும் தொங்கிச் செல்லும் கோழிகளை நாம் சாலையில் காண்கிறோம். பண்டிகை நாளுக்காக நம் வீட்டுக்கே அவ்வாறு வருவதும் உண்டு. அதைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவரச் சொல்ல எந்தச் செல்வமும் தேவையில்லை. ஒரு சொல் போதும். மேலும் கன்னியர் இல்லம், பங்குத்தந்தை இல்லம், பள்ளித் தோட்டம் என இடமுள்ள நம் நிறுவனங்களில் ஓய்ந்த கோழிகள் நான்கைந்தைப் பேணுவது இயலாத செயலன்று. வெள்ளைக்கழிச்சல் முதலிய நோய்களுக்குத் தடுப்பூசி போட்டு, கால்நடை மருத்துவரின் அறிவுரையோடு அதனைச் செய்யலாம். அதனால் உலகம் திருந்திவிடாது. ஆனால் பயன் கருதாமல் ஓர் உயிரைப் பேணும் பழக்கம், அங்குப் பயிலும் பிள்ளைகளின் கைகளுக்கு வந்து சேரும். பயன் தராத முதியோரிடத்தும் நோயாளரிடத்தும் நாளை நீள வேண்டிய கைகள் அவையே.

எருசலேமை நோக்கி ஆண்டவர் புலம்பியபோது, தம்மைச் சிங்கத்துக்கோ கழுகுக்கோ ஒப்பிடவில்லை. தன் குஞ்சுகளைச் சிறகுகளுக்குள் கூட்டிச் சேர்க்கும் தாய்க்கோழிக்கு ஒப்பிட்டார். கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா என்று நம் முன்னோரும் அத்தாய்மையைப் பழமொழியாக்கி வைத்தனர். இன்றைய பண்ணைக் கோழி குஞ்சைக் கண்டதில்லை. அதன் குஞ்சுப் பருவத்தில் அதற்குத் தாய் இருந்ததில்லை. கூண்டில் வாழ்ந்தவரை சிறகை முழுவதும் விரித்ததும் இல்லை. மீட்பர் தம் அன்புக்கு உவமையாகத் தேர்ந்துகொண்ட உயிரிடமிருந்து, அந்த உவமையையே நாம் பறித்துக்கொண்டோம். உணவுக்காக எடுத்தது நமக்கு அனுமதிக்கப்பட்டதாக இருக்கலாம். அதற்கு மேலும் எடுத்ததுதான் நாம் இன்னும் தீர்க்காத கடன். அதைத் தீர்க்க முடியுமோ முடியாதோ, கடன் உண்டு என்று ஒப்புக்கொள்வதிலிருந்தேனும் நாம் தொடங்குவோமாக.